மலையேற்றாமல் விட்ட இசைத்தட்டு

சென்ற ஆண்டு ஆகஸ்டு பத்தாம் தேதி தொடங்கிச் செப்டம்பர் முதல் தேதி வரை, இருபத்து மூன்று நாள், கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செலாயாங்கிலும் கேரி தீவிலுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தார்கள். இவர்களில் அறுபத்தோரு பேர்தான் அந்த இசைத்தட்டை வாங்கியவர்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டவர்கள். வரிசை வீடுகளின் சுவர் எந்த லட்சணத்தில் கட்டப்படுகிறது என்பது அதில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், விளக்கம் தேவையில்லை.

தட்டைப் போட்டது 'பத்து டன்' என்ற குழு. கிள்ளான் காப்பார் சாலையில் ஒரு லோரி பட்டறைக்கு மேல்மாடியில் வாசித்துப் பழகினார்கள். கீழே நின்ற லோரியின் கதவில் எழுதியிருந்த எடையையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வாசித்தது ஸ்டோனர் ராக் என்ற வகை. கித்தார் தந்தியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தி, ஒலிபெருக்கியை எவ்வளவு உறும வைக்க முடியுமோ அவ்வளவு உறும வைத்து, ஒரே மெட்டுத் துண்டை இருபது தடவை, பாரம் ஏற்றிய லோரி மேடேறுகிற வேகத்தில் வாசிப்பார்கள். வகையின் பெயரிலேயே கஞ்சாப் புகை இருப்பதைக் கேள்விப்பட்டு இரண்டு முறை போலீஸ் வந்தது. மாடியில் புகைந்தது கொசுவத்திச் சுருள் மட்டுமே என்று எழுதிக்கொண்டு போனது.

பேஸ் கித்தார் தாமரையுடையது. வயது இருபத்தெட்டு. அப்பா நாகையா லோரி ஓட்டுநர், அம்மா சீதாலெட்சுமி பள்ளி கெண்டினில் வேலை. அந்த வம்சத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவள் தாமரைதான், பௌதிகம் படித்தாள். அங்கி போட்டுக்கொண்டு எடுத்த படம் கூடத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே சரவிளக்குடன் இருக்கிறது. பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தாள். கடைசியில் சுங்கை வே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் அவளைவிடக் குறைவாகப் படித்தவன்தான் அவளுக்கு மேலதிகாரி. அவள் கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் இன்னொன்று இருந்தது. 'பத்து டன்'னின் முதல் தட்டில் இருந்த எட்டுப் பாட்டில் ஆறு அவள் போட்ட மெட்டு. உறையில் 'இசை: கிஷன்' என்று அச்சாகியிருந்தது. முன்னால் நின்று பாடி, கித்தார் வாசித்தவன் கிஷன். அவனிடம் கேட்டபோது, "அச்சடிக்கிறவன் கொழப்பிட்டான் லா" என்றான். ஏழு வருடம் அவளை எல்லாரும் 'கிஷன் பேண்டுல உள்ள பொண்ணு' என்றார்கள்.

பிறகு கிஷன் போனான். திருமண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு ஒன்று அவனைக் கூப்பிட்டது. அங்கே கோட் கொடுக்கிறார்கள். போகிற அன்று பட்டறை வாசலில் நின்று, "நான் போனா இதுல என்ன லா இருக்கு? பேரைக்கூடக் கழட்டிக் கதவுலயே மாட்டிடுங்க" என்றான். மிச்சமிருந்தது தாமரையும், டிரம்ஸ் வாசிக்கும் ஆஷிக்கும். ஆஷிக் பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடை தாவூதின் மகன்; அதிகம் பேசமாட்டான். கிஷன் போன திசையைப் பார்த்துவிட்டு, "ஒலிபெருக்கி யாருது?" என்று மட்டும் கேட்டான். ஒலிபெருக்கி தாமரையுடையது. "அப்ப சரி" என்றான்.

எட்டு மாதம் ஆள் கிடைக்கவில்லை. வந்த கித்தார்காரர்கள் எல்லாரும் கிஷனைப் போலவே வாசித்தார்கள், அல்லது கிஷனைப் பற்றியே பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், கிள்ளானில் சாமி ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தபோது, காரில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்த தாமரையின் காதில் உருமி விழுந்தது. வலது தோலில் அடி. இடது தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்புகிற அந்த முனகல். ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். அன்றுதான் அது தன் பேஸுக்கும் கீழே இறங்கிப் போவதைக் கவனித்தாள். காரைச் சாலை நடுவில் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பின்னால் நாற்பது கார் ஹாரன் அடித்தது. உருமியை மாட்டியிருந்தவள் ஒரு பெண். பெயர் புஷ்பவல்லி, கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்துக்காரி, கிள்ளான் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள்.

"அந்த இடது பக்கம், என்ன ட்யூனிங் அது?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் தாமரை.

"ட்யூனிங்கா? வெயில்ல வச்சேன்க்கா" என்றாள் புஷ்பவல்லி. "கார் உங்களுதா? தள்றாங்க பாருங்க."

அடுத்த ஒரு வருடத்தில் அவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கித்தார் இடத்தில் உருமி வந்தது. உருமிக்கு ஒலிவாங்கி வைத்தார்கள், அதைத் தாமரையின் ஒலிபெருக்கியில் சொருகினார்கள், கீழே பட்டறையில் ஒரு லோரியின் கண்ணாடி விரிசல் விட்டது, பட்டறைக்காரர் மேலே வந்து பார்த்து, கோபித்துக்கொள்ள வந்தவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டுப் போனார். சுங்கை வேயில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டைப் பதிவு செய்தார்கள். முதல் பக்கத்தில் நான்கு பாட்டு. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே இசை, இருபத்தாறு நிமிடம். அதில் புஷ்பவல்லி தன் தோட்டத்தில் சாமி அழைக்கும் அடியை எடுத்து, ஸ்டோனர் ராக்கின் வேகத்துக்கு இழுத்து வாசித்தாள். கடைசி நான்கு நிமிடம் மலையேற்றும் அடி. அழைக்கப்பட்டு வந்த சாமி, ஆளை விட்டுத் திரும்பிப் போவதற்கான அடி அது. உருமி தெரிந்தவர்கள் யாரும் அதை அடிக்காமல் குச்சியைக் கீழே வைப்பதில்லை.

தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம்தான் கொள்ளும் என்று தட்டு அழுத்துகிறவர்கள் எழுதினார்கள். எங்காவது நான்கு நிமிடம் வெட்ட வேண்டும். தாமரை அந்தக் கடைசி நான்கு நிமிடத்தை வெட்டினாள். வெட்டினால் தட்டு அவளுடைய பேஸ் மெட்டில், அவள் மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தில், முடியும்.

"அக்கா, அழைச்சா அனுப்பணும்" என்றாள் புஷ்பவல்லி.

"யாரை அழைச்சோம்? பாட்டுதான வாசிச்சோம்."

"யாருன்னு கேக்கற பழக்கமில்ல. வந்தவங்கள உக்கார வச்சிட்டு நாம பாட்டுக்குக் கெளம்பிப் போனா எப்படி லா?"

"நாலு நிமிஷம் வெறும் உருமி. யாரு உக்காந்து கேப்பா?"

"அது கேக்கறதுக்கு இல்லக்கா. போறதுக்கு."

நான் பௌதிகம் படித்தவள் என்றாள் தாமரை. நூற்றைம்பது தட்டு வந்து இறங்கிய அன்று புஷ்பவல்லி உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முன்னால் 'இசை: தாமரை' என்றிருந்தது. அவள் பெயர் பின்னால், நன்றிப் பட்டியலில், லோரி பட்டறைக்கும் தேத்தண்ணீர் அனுப்பிய கடைக்கும் நடுவில் இருந்தது. "எழுத்து நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு பழக வரவில்லை. ஷிஃப்டு மாறிவிட்டது என்று ஆஷிக்கிடம் சொல்லியனுப்பினாள்.

முதலில் உயர்ந்தவர் கிள்ளானில் பள்ளி ஆசிரியராக இருக்கும் பாலன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் தட்டை நிறுத்த எழுந்தார்; செருப்பு தரையிலேயே இருந்தது, அவர் இல்லை. மாலைக்குள் பதினேழு பேர், ஒரு வாரத்தில் இருநூறு பேர். பாதியில் நிறுத்தியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை கேட்டவர்கள் மட்டும் உயர்ந்தார்கள். யாருக்கும் வலியில்லை. அரசாங்கக் கிளினிக்கில் எடை இயந்திரம் பூஜ்யம் காட்டியது. டாக்டர் இரண்டு நாள் எம்.சி. விடுப்பும் பெனடோல் மாத்திரையும் கொடுத்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்ன காவலரிடம், நாங்கள் நிற்கவே இல்லையே என்று இரண்டு பெண்கள் வாதாடி ஜெயித்தார்கள். செலாயாங் மொத்தச் சந்தையில் மிளகாய் வண்டி தள்ளும் ராசிக் தண்ணீர் தேங்கிய சந்துகளை நனையாமல் கடந்தான். தாவூத் துணிக்கடையில் முக்காலி இல்லாமலே மேல்தட்டுப் புடவையை எடுத்தார். வாணி என்ற பெண்ணின் கல்யாணத்தில் மணப்பெண் மட்டும் உயர்ந்திருந்தாள். மெட்டி போட மாப்பிள்ளை பாதி குனிந்தால் போதுமாயிருந்தது, இதைப் பார்த்துப் பெண் வீட்டார் தட்டிய கைதட்டல் பக்கத்து மண்டபம்வரை கேட்டது. ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி சுதந்திர தினத்துக்கு வழக்கத்தைவிட உயரத்தில் கொடிகள் கட்டப்பட்டன. அந்த மூன்று வாரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் சிரித்த முகமாக இருந்தார்கள் என்பது பதிவு செய்யத்தக்கது, சாலை நெரிசலில்கூட.

கடைசிவரை கேட்டவர்களில் தாமரை மட்டும் உயரவில்லை. அந்த இரண்டாம் பக்கத்தை இருநூறு தடவையாவது ஓட்டியவள் அவள். அவள் கால் தரையில் இருந்தது. தெருவில் போனால் சிறுபிள்ளைகள் அவள் காலைக் காட்டிச் சிரித்தார்கள். செய்தித்தாளில், 'கிஷனின் பேண்ட் மக்களைத் தூக்கியது' என்று போட்டார்கள். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஆசிரியருக்கே தபாலில் அனுப்பினாள்.

உயர்ந்தவர்களில் கஷ்டப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாகையா, பக்கத்து அறையில் மகள் ஓட்டிய தட்டை முதல்முறையாக முழுதும் கேட்டுவிட்டார். கால் கிளட்ச்சை எட்டவில்லை. லோரிக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்து, கூரை விசிறிகளைத் துடைத்தார். மற்றவர் ஆஷிக்கின் தாயார் காத்தூன் பீவி. பத்தொன்பதாம் நாள் மதியம், கடை மாடிக்குத் தாமரையை வரச் சொன்னார். தேத்தண்ணீரும் வடையும் வைத்தார். தாமரை தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தொழுகைப் பாயை விரித்து, முழங்காலிட்டு, குனிந்து காட்டினார். நெற்றி பாயைத் தொடவில்லை. நெற்றிக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்தது.

"பத்தொம்போது நாளு புள்ள" என்றார், நிமிர்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "கடைல ஆளுங்க குஷியா இருக்காங்க, நல்லா இருக்கட்டும். இது யாரு வேலையோ எனக்குத் தெரிய வேணாம். எனக்கு நெத்தி தரையில படணும். நீ படிச்ச புள்ளதான, ஏதாச்சும் பண்ணு."

தாமரை பௌதிகம் படித்த நான்கு வருடத்தில் இந்தப் பாடம் வரவில்லை. வாங்கிப் பழகாத ஒரு திட்டை வாங்கியவள் போல் படியிறங்கினாள். அதில் திட்டே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பினால் அங்கே கிஷன் இருந்தான். கோட் போட்டிருந்தான். பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான்: ஊரே பேசுகிறது, இப்போது விட்டால் எப்போது, உருமியை எடுத்துவிட்டுத் தன் கித்தாரை வைத்து அந்தப் பக்கத்தைப் புதிதாகப் பதிவு செய்யலாம், உருமி போனால் மிதப்பதும் நின்றுவிடும், உறையில் வேண்டுமானால் இரண்டு பேர் பெயரையும் போடலாம். தட்டை அவன் கேட்கவில்லையாம், நேரமில்லையாம், ஆனால் கேள்விப்பட்டவரையில் அவன் பாணிதான் தெரிகிறதாம்.

"கேக்கலயா?" என்றாள் தாமரை.

"கேக்கல லா. கல்யாண டின்னர் டின்னரா ஓடிக்கிட்டு இருக்கேன்."

"அப்பறம் கோட்டு எதுக்கு ஒரு சாண் மேல தொங்குது?"

கிஷன் கீழே பார்த்தான். பளபளப்பான அவன் சப்பாத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் பட்டறைப் பூனை படுத்திருந்தது. ஆஷிக் சிரித்ததை அந்தக் குழுவில் யாரும் முன்பு கேட்டதில்லை. பெரிய சிரிப்பு அவனுக்கு. கிஷனும் சிரித்தான், வேறு வழியில்லாமல். "நல்லாத்தான் லா இருக்கு அது" என்றான் கடைசியில். "முடியற எடம்தான் எனக்குப் புரியல. கதவைத் தொறந்து வச்சிட்டுப் போன மாதிரி இருக்கு."

தாமரை சிரிக்கவில்லை. நன்றிப் பட்டியல் அவள் நினைவுக்கு வந்தது. அச்சடிக்கிறவன் குழப்பவில்லை, அவளே எழுதிக் கொடுத்தது. கிஷன் ஏழு வருடத்தில் செய்ததை அவள் ஒரே தட்டில் செய்து முடித்திருந்தாள், அதுவும் வேகமாக.

மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கேரி தீவுக்குப் போனாள். இருபக்கமும் செம்பனை, வழிநெடுக. புஷ்பவல்லி வீட்டு வாசலில் உருமித்தோலை வெயிலில் வைத்துவிட்டு, அது காயும்வரை மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வெட்டினேன். என் மெட்டுல முடியணும்னு வெட்டினேன்" என்றாள் தாமரை. "ஒன் பேரையும் நான்தான் பின்னால தள்ளினேன். எவன்மேலயோ உள்ள கோவத்தை ஒன்மேல காட்டிட்டேன். அனுப்பி வைக்கணும். எப்படின்னு தெரியல."

புஷ்பவல்லி சக்கரத்தைக் கழுவி முடித்தாள். "நீங்க மட்டும் ஏன் மெதக்கலன்னு யோசிச்சீங்களா?"

"கோவம் கனம்னு அம்மா சொல்றாங்க."

"அதெல்லாம் இல்ல. நீங்க அதைக் கேக்கவே இல்லக்கா. செக் பண்ணிக்கிட்டே இருந்தீங்க." துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க எல்லாரையும். நம்ம தோட்டத்துப் பந்துத் திடலுக்கு. நான் அடிக்கறப்ப நீங்க ஒரே ஒரு சத்தம் புடிச்சுக்கிட்டு இருக்கணும். கீழ்த் தந்தி. மெட்டு கிட்டு ஒண்ணும் போடக் கூடாது. முடியற வரைக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"போறவங்களப் பொறுத்து."

செப்டம்பர் முதல் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் திடலில் கூடினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் இருக்கைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து வந்ததால் குலுங்கவில்லை என்று மெச்சினார்கள். தோட்டத்து ஆட்கள் இனிப்புச் சிராப் தண்ணீர் கலக்கி வைத்திருந்தார்கள். கிஷன் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒலிபெருக்கியைச் சுமக்க உதவினான். தாமரை ஒலிவாங்கியில், இந்தத் தவறு தன்னுடையது, புஷ்பவல்லி வேண்டாம் என்று சொன்னாள், தான் கேட்கவில்லை என்று மூன்று வாக்கியம் பேசினாள். "சரி சரி, வாசி லா" என்றார் கூட்டத்திலிருந்து பாலன்.

முதலில் அழைக்கும் அடியை வாசித்தார்கள், விட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்காக. அந்த இடம் வந்தது: அவள் மெட்டு தனியாக எழும் இடம். தாமரையின் விரல்கள் தாமாகவே மேலே போகப் பார்த்தன. அவள் அவற்றைக் கீழ்த் தந்தியில் வைத்து, ஒரே ஒரு சத்தத்தைப் பிடித்தாள். அதன்மேல் புஷ்பவல்லி மலையேற்றும் அடியைத் தொடங்கினாள். ஆஷிக் சேர்ந்துகொண்டான். நான்கு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் குழந்தைகளின் பாதம் புல்லைத் தொட்டது. இருபதாம் நிமிடம் கல்லூரிப் பிள்ளைகள், அரை மணியில் மணப்பெண் வாணி, அவளைப் பிடித்துக்கொள்ள மாப்பிள்ளை. நாகையா இறங்கியதும் இடது காலை இரண்டு தடவை ஊன்றி, இல்லாத கிளட்ச்சை அழுத்திப் பார்த்தார். கிஷன் இறங்கியபோது பூனை குதித்த அளவுக்குத்தான் சத்தம் கேட்டது. தாமரையின் விரல் தோல் உரிந்தது, கை மாற்றவில்லை. ஐம்பதாம் நிமிடம் முந்நூற்றுப் பதினொரு பேர் தரையில் இருந்தார்கள். காத்தூன் பீவி மட்டும் விரற்கடை உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். புஷ்பவல்லி அடியை இன்னும் மெதுவாக்கினாள், அதற்குமேல் மெதுவாக்கினால் அடியே இல்லை என்கிற அளவுக்கு. எழுபதாம் நிமிடம் அவர் இறங்கினார். உருமி நின்றது. எண்ணெய் தீர்ந்த லோரி போல ஒலிபெருக்கி கொஞ்சநேரம் இரைந்துவிட்டு ஓய்ந்தது.

அசர் தொழுகைக்கு நேரம் ஆகப் போகிறது என்றார் தாவூத். ஆஷிக் கைப்பேசியில் திசை பார்த்துச் சொன்னான். நேரம் வந்ததும் காத்தூன் பீவி கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், புல்லில் பாயை விரித்தார். அவர் நெற்றி பாயைத் தொட்டது. அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் குனிந்திருந்தார். எழுந்து வந்து தாமரையின் விரலைப் பார்த்து, "மஞ்சப் பத்துப் போடு புள்ள" என்றார். பிறகு எல்லாருமாகச் சிராப் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார்கள்.

தட்டின் இரண்டாம் அச்சு இந்த ஆண்டு மார்ச்சில் வந்தது. மலையேற்றும் அடி முழுதாக இருக்கிறது. இடம் பற்றாததால் தாமரை தன் தனி மெட்டை நான்கு நிமிடம் வெட்டினாள். உறையில் 'இசை: புஷ்பவல்லி, ஆஷிக், தாமரை' என்றிருக்கிறது. கிஷன் ஒரு தட்டு வாங்கினான். டின்னர் குழுவில் இப்போதும் கோட் போட்டு வாசிக்கிறான்; ஒலிபெருக்கி தூக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லியிருக்கிறான்.

முதல் அச்சில் ஒரே ஒரு தட்டு தாமரையிடம் மிஞ்சியிருந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, வேறு வேலை எதுவும் இல்லாததால், அதன் இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கையில் பேனா இல்லை, தாள் இல்லை. இசை அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. முடிந்தபோது அவளுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. வாளியும் மாப்புமாக வந்த சீதாலெட்சுமி மகளைப் பார்த்தார். "அப்படியே இரு, ஈரம்" என்று சொல்லிவிட்டு அடியில் துடைத்தார்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில், உயரம் எப்படியிருந்தாலும் பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம் என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னார். ஒவ்வொரு வாரமும் பழக வரும்போது புஷ்பவல்லி குச்சியை எடுத்துக்கொண்டு, "அனுப்பட்டுமாக்கா?" என்று கேட்கிறாள். "அடுத்த வாரம்" என்கிறாள் தாமரை. சப்பாத்தின் அடி இன்னும் புதிதாகவே இருக்கிறது. வீடு துடைக்கும்போது சீதாலெட்சுமி அவளை நகரச் சொல்வதில்லை.